ஒலி ஓய எத்தனை விநாடி? சாண்டர்ஸ் அரங்கின் மெத்தைகள் கற்பித்த பாடம்

புதிதாகக் கட்டி முடித்து, இன்னும் பண்டபாத்திரம் எதுவும் கொண்டுவராத ஒரு வீட்டுக்குள் நுழைந்து பேசிப் பார்த்திருக்கிறீர்களா? நம் குரலே நமக்கு அந்நியமாக ஒலிக்கும். சொல் முடிந்த பிறகும் அதன் ஓசை சற்று நேரம் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதே வீட்டில் பாயும் தலையணையும் துணிமணியும் வந்து, நாலு பேர் குடியேறிய பின்பு அந்த முழக்கம் காணாமல் போய்விடும். சுவர்கள் அதே சுவர்கள்தாம். கூரையும் அதே கூரைதான். மாறியது என்ன?

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு எண்ணால் விடை சொல்ல ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை ஒருவராலும் முடியவில்லை. அரண்மனைகளும் கோவில்களும் நாடக அரங்குகளும் கட்டிய சிற்பிகள் அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பியே கட்டினார்கள். அரங்கம் நன்றாக அமைந்தால் பாராட்டு, அமையாவிட்டால் தலைவிதி. இந்த நிலையை மாற்றியது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஆய்வு. அந்த ஆய்வுக்குப் பயன்பட்ட முக்கியமான கருவி என்ன தெரியுமா? நாற்காலி மெத்தை!

இரண்டு அரங்குகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை ஒட்டிக் கேம்பிரிட்ஜ் என்னும் ஊர் இருக்கிறது. (இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் வேறு.) ஹார்வர்டு பல்கலைக்கழகம் இங்கேதான் உள்ளது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதியினர் பக்கம் நின்று உயிர் நீத்த ஹார்வர்டு மாணவர்களின் நினைவாக, 1870-களில் அங்கே நினைவு மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. வில்லியம் வேர், ஹென்றி வான் பிரன்ட் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் இதை வடிவமைத்தனர். மண்டபத்தின் நடுப்பகுதியில் 136 வீரர்களின் பெயர்கள் பொறித்த கற்பலகைகள் உள்ளன. ஒரு புறம் பெரிய உணவுக்கூடம். மறு புறம் சாண்டர்ஸ் அரங்கம்.

பழைய மாணவர் சார்லஸ் சாண்டர்ஸ் எழுதிவைத்த கொடையால் கட்டப்பட்டதால் அரங்குக்கு அந்தப் பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென் கட்டிய ஷெல்டோனியன் அரங்கை மனத்தில் கொண்டு இது அமைக்கப்பட்டது. மேடையை அரைவட்டமாகச் சூழ்ந்து படிப்படியாக உயரும் இருக்கைகள். உள்ளே எங்கு பார்த்தாலும் மரவேலைப்பாடு. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரலாம். பாஸ்டன் சிம்பனி இசைக்குழு தோன்றிய 1881-ஆம் ஆண்டு முதற்கொண்டே இங்கே கச்சேரிகள் செய்து வந்தது. 1943-இல் வின்ஸ்டன் சர்ச்சில் கௌரவப் பட்டம் பெற்றுப் பேசியதும் இந்த மேடையில்தான். பேச்சுக்கும் இசைக்கும் ஏற்ற அரங்கம் என்று பெயர் எடுத்துவிட்டது.

1895-இல் அதே வளாகத்தில், சாண்டர்ஸ் அரங்குக்கு எதிர்ப்புறமாகவே, ஃபாக் கலைக்கூடம் என்னும் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்குள் ஒரு விரிவுரை மண்டபம். சாண்டர்ஸ் அரங்கைப் போலவே அரைவட்ட அமைப்பு. ஆனால் அளவில் மிகச் சிறியது. பெரிய அரங்கில் நன்றாகக் கேட்கும்போது சிறிய அரங்கில் இன்னும் நன்றாகக் கேட்கவேண்டும் அல்லவா? நடந்ததோ நேர்மாறு. பேராசிரியர் பேசினால் மாணவர்களுக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. குரல் தாழ்ந்ததால் அல்ல, ஓசை மிகுந்ததால்! பேசிய சொல் ஓயுமுன் அடுத்த சொல். அது ஓயுமுன் இன்னொன்று. எல்லாம் கலந்து வெறும் இரைச்சல் ஆயிற்று.

புத்தம்புதுக் கட்டடத்தைப் பூட்டி வைப்பதா, இடிப்பதா? பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் இந்தச் சிக்கலை இயற்பியல் துறையிடம் ஒப்படைத்தார். பொறுப்பு, துறையின் இளம் ஆசிரியர்களில் ஒருவரான வாலஸ் கிளமென்ட் சபைனிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஒலியியலில் அதுவரை அவர் தனிப் பயிற்சி எதுவும் பெற்றவர் அல்லர்.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு

சபைன் என்ன செய்தார் என்று பார்க்குமுன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக் கொள்வோம். மலை முன் நின்று கூவினால் சற்று நேரம் கழித்து நம் கூவல் தனியாகத் திரும்பி வருகிறது. இது எதிரொலி. காதில் விழுந்த ஓசையின் உணர்வு ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி நிலைப்பதால், அதற்கு மேல் தாமதித்து வருவதே நமக்குத் தனி ஓசையாகக் கேட்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், சுவர் குறைந்தது 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். இவையெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளவை.

ஆனால் ஓர் அறைக்குள் கதையே வேறு. ஒலி ஒரு சுவரில் மோதி மற்றொரு சுவருக்குச் செல்கிறது. அங்கிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தரைக்கு என்று பந்துபோல் துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மோதலிலும் அதன் ஆற்றலில் ஒரு சிறு பங்கைச் சுவர் உட்கவர்ந்து வெப்பமாக மாற்றிவிடும். எஞ்சியது மீண்டும் துள்ளும். இவ்வாறு நூற்றுக்கணக்கான மீட்சிகள் ஒன்றோடொன்று கலந்து, மூல ஒலி நின்ற பிறகும் தொடர்ந்து கேட்பதையே எதிர்முழக்கம் என்கிறோம்.

எத்தனை மோதல்களுக்குப் பின் ஒலி ஓயும்? ஓட்டின் மேல் பூசிய காரை, தன் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கையே உட்கவரும் என்று சபைன் பின்னர் அளந்தார். நாற்பதில் ஒரு பங்குதான் இழப்பு! எல்லாப் பரப்பும் இத்தகையதே என்று கொண்டால், செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 550 மோதல்கள் வேண்டும். மரப்பலகையின் பங்கு நூற்றுக்கு ஆறு. அப்போது ஏறத்தாழ 220 மோதல்கள் போதும். சாண்டர்ஸ் மரத்தால் ஆன அரங்கம். ஃபாக் மண்டபம் காரை பூசியது. வடிவத்தைப் பார்த்துக் கட்டியவர்கள் பொருளைப் பார்க்கவில்லை. வேறுபாட்டின் முதல் தடயம் இங்கே இருக்கிறது.

அந்தக் காலத்தில் முழக்கம் மிகுந்த மண்டபங்களின் குறுக்கே கம்பிகளைக் கட்டினால் ஓசை அடங்கும் என்று பலர் நம்பினார்கள். அதனால் பயன் இல்லை. மெல்லிய கம்பியின் பரப்பு எவ்வளவு சிறியது, அது எவ்வளவு ஒலியைப் பிடிக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நள்ளிரவு ஆய்வு

சபைனிடம் ஒலிவாங்கி இல்லை, ஒலிப்பெருக்கி இல்லை, ஒலிச் செறிவை அளக்கும் மின்கருவி எதுவும் இல்லை. அவர் பயன்படுத்தியவை மூன்று. விநாடிக்கு 512 அதிர்வுகள் தரும் ஓர் ஆர்கன் குழல். நேரத்தைப் பதிக்கும் ஒரு காலப்பதிவி. தம்முடைய காது.

குழலை ஊதச் செய்வார். ஒலி மண்டபம் முழுவதும் நிறைந்து நிலைபெறும். பிறகு காற்றை நிறுத்துவார். அந்தக் கணத்திலிருந்து, எஞ்சிய முழக்கம் காதுக்கு எட்டாமல் மறையும் கணம் வரை எவ்வளவு நேரம் என்று அளப்பார். இதையே திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுப்பார். தெருவில் வண்டிச் சத்தம் இருந்தால் மெல்லிய ஒலியைக் கேட்க முடியாது. ஆகவே, ஊர் உறங்கிய பின் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையேதான் ஆய்வு நடக்கும்.

வெற்று மண்டபத்தில் ஒலி ஓய எடுத்துக்கொண்ட நேரம் 5.6 விநாடி. நிதானமாகப் பேசுபவர்கூட இந்த நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து அசைகளைச் சொல்லிவிடுவார். அத்தனையும் ஒரே சமயத்தில் காதில் விழுந்தால் என்ன புரியும்?

அடுத்து, மெல்லிய பொருள்களை உள்ளே வைத்தால் நேரம் எப்படிக் குறைகிறது என்று அறிய வேண்டும். அதற்கு ஒரே தரமும் ஒரே அகலமும் உடைய பொருள் நிறையத் தேவை. எதிரே சாண்டர்ஸ் அரங்கின் இருக்கைகளில் மெத்தைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன! சபைனும் அவருடைய உதவியாளர்களும் இரவில் அந்த மெத்தைகளைச் சுமந்துகொண்டு எதிர்க் கட்டடத்துக்கு வருவார்கள். சில மீட்டர் நீளத்துக்கு விரிப்பார்கள், அளப்பார்கள். மேலும் சில மீட்டர் விரிப்பார்கள், மறுபடி அளப்பார்கள். பொழுது விடியுமுன் மெத்தைகள் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இருக்கைகள், நடைபாதை, மேடை, பின்சுவர் என்று எங்கும் மெத்தையாக நிரப்பியபோது 5.6 விநாடி முழக்கம் ஏறத்தாழ 1.1 விநாடியாகச் சுருங்கியது.

அவருடைய கவனம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. ஆய்வின் ஒரு கட்டத்தில், தாம் உடுத்தியிருக்கும் உடையும் ஒலியை உட்கவர்ந்து அளவுகளைப் பாதிக்கிறது என்று கண்டார். ஒரு நாள் தடித்த கோட்டு, மறுநாள் மெல்லிய சட்டை என்றால் எண்கள் ஒத்துவரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அதுவரை எடுத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். அதன் பின் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் ஒரே வகை உடைதான். எந்த உடை என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ஆய்வுக்கூடத்தில் இரண்டாவது முறை அளக்கச் சொன்னாலே முகம் சுளிக்கும் மாணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எண்கள் பேசுகின்றன

சபைன் எடுத்த அளவுகளில் சில இதோ. முதல் எண் மண்டபத்தில் விரித்த மெத்தையின் நீளம். இரண்டாவது எண் ஒலி ஓய ஆன நேரம்.

0 மீட்டர் – 5.61 விநாடி
8 மீட்டர் – 5.33 விநாடி
44 மீட்டர் – 4.21 விநாடி
83 மீட்டர் – 3.49 விநாடி
128 மீட்டர் – 3.00 விநாடி
162 மீட்டர் – 2.64 விநாடி

மெத்தை கூடக் கூட நேரம் குறைகிறது. இது எதிர்பார்த்ததே. ஆனால் எந்த விதிப்படி குறைகிறது? முதல் 44 மீட்டர் மெத்தை 1.40 விநாடியைக் குறைத்திருக்கிறது. 83-க்கும் 128-க்கும் இடையே உள்ள 45 மீட்டர் மெத்தையோ அரை விநாடியைக்கூடக் குறைக்கவில்லை. ஆகவே வரைபடம் நேர்கோடு அல்ல, வளைகோடு. என்ன வளைகோடு?

சபைன் இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு நெடுநாள் சிந்தித்தார். 1898-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒரு மாலை அவருக்குத் திடீரென்று விளங்கியது. அது அதிபரவளையம்! அந்தச் செய்தியை முதலில் தம் தாயாரிடம்தான் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

அதிபரவளையம் என்றதும் அஞ்ச வேண்டா. பாயில் விதி உங்களுக்குத் தெரியும். மாறா வெப்பநிலையில் வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் மாறிலி கிடைக்கும். அந்த வரைபடமும் அதிபரவளையமே. ஆனால் இங்கே நேரத்தையும் மெத்தை நீளத்தையும் அப்படியே பெருக்கினால் மாறிலி வருவதில்லை. மெத்தை சுழியாக இருக்கும்போதே பெருக்கற்பலன் சுழியாகிவிடுகிறதே! இங்கேதான் சபைனின் கூர்மை. மெத்தை இல்லாதபோதும் சுவரும் கூரையும் தரையும் கொஞ்சம் ஒலியை உட்கவர்கின்றன. அதையும் மெத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெறும் மண்டபம் 146 மீட்டர் மெத்தைக்குச் சமம் என்று அவர் கண்டார். இப்போது ஒவ்வொரு மெத்தை நீளத்தோடும் 146-ஐக் கூட்டி, நேரத்தால் பெருக்கிப் பாருங்கள்.

146 × 5.61 = 819
154 × 5.33 = 821
190 × 4.21 = 800
229 × 3.49 = 799
274 × 3.00 = 822
308 × 2.64 = 813

ஆறு விடைகளும் ஏறத்தாழ ஒன்றே! காதையும் கடிகாரத்தையும் மட்டும் நம்பி, நள்ளிரவில் எடுத்த அளவுகள் இவை. வேறுபாடு நூற்றுக்கு மூன்றுக்குள் அடங்குகிறது. இந்தப் பெருக்கலை நீங்கள் உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு விதி எண்களுக்குள்ளிருந்து எப்படி வெளிப்படுகிறது என்பதைப் படித்து அறிவது ஒன்று. கண்டு அறிவது வேறொன்று.

திறந்த சன்னலே அளவுகோல்

சாண்டர்ஸ் அரங்கின் மெத்தையை உலகம் முழுவதற்கும் அளவுகோலாக வைக்க முடியாது. எங்கும் கிடைக்கும் பொது அளவு ஒன்று வேண்டும். சபைன் தேர்ந்தெடுத்தது திறந்த சன்னல். திறந்த சன்னல் வழியே வெளியேறும் ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே அது தன்மேல் படும் ஒலி முழுவதையும் உட்கவர்வதற்குச் சமம். அதன் உட்கவர் எண் 1. ஒரு பொருளின் உட்கவர் எண் 0.25 என்றால், அப்பொருளின் 4 சதுர மீட்டர் 1 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு இணை.

இந்த முறையில் சபைன் அளந்த சில உட்கவர் எண்கள்: ஓட்டின் மேல் பூசிய காரை 0.025, கண்ணாடி 0.027, மரச்சட்டத்தின் மேல் பூசிய காரை 0.034, பைன் மரப்பலகை 0.061. அவையில் அமர்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறத்தாழ 0.44 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். ஆம், நீங்களும் நானும் அரங்கில் உட்கார்ந்தால் ஆளுக்கு அரைச் சன்னல்!

அறையின் ஒவ்வொரு பரப்பையும் அதன் உட்கவர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது மொத்த உட்கவர் பரப்பு. சபைன் வேறு பல அறைகளிலும் அளந்து, முடிவில் கண்ட விதி இதுதான்:

எதிர்முழக்க நேரம் = 0.161 × பருமன் ÷ மொத்த உட்கவர் பரப்பு

நேரம் விநாடியில், பருமன் கன மீட்டரில், பரப்பு சதுர மீட்டரில். (0.161 என்பது இன்று கொள்ளும் மதிப்பு.) செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல், குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம் என்பது இன்றைய வரையறை. பருமன் ஏன் மேலே வருகிறது? அறை பெரிதானால் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே ஒலி நெடுந்தூரம் செல்ல வேண்டும், இழப்பு தாமதமாகும். உட்கவர் பரப்பு ஏன் கீழே வருகிறது? ஒவ்வொரு மோதலிலும் இழப்பு கூடினால் ஒலி விரைவில் ஓயும். விதி நம் பொது அறிவுக்கு முற்றிலும் பொருந்துகிறது.

ஃபாக் மண்டபத்தின் பருமன் ஏறத்தாழ 2,700 கன மீட்டர். விதியில் இட்டுப் பார்த்தால் அதன் மொத்த உட்கவர் பரப்பு 78 சதுர மீட்டர்தான். நேரத்தை 1.1 விநாடியாக்க அதை ஐந்து மடங்காக்க வேண்டும். நோய் என்ன, மருந்து எவ்வளவு என்பது தெளிவாகிவிட்டது. மண்டபத்தின் சுவர்களில் மயிர்க் கம்பளம் பொருத்தப்பட்டது. அது உயர்ந்த அரங்கமாக மாறவில்லை. ஆனால் பாடம் நடத்தத் தகுந்த மண்டபமாயிற்று. நெடுங்காலம் பயன்பட்ட பின், 1973-இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது.

ஒரு கணக்கு

நம் கையில் விதி இருக்கிறது, பயன்படுத்திப் பார்ப்போமே. ஒரு பள்ளியின் கூட்ட அரங்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உடையது என்க. பருமன் 1,000 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 700 சதுர மீட்டர். எல்லாம் காரைப் பூச்சு என்றால் உட்கவர் பரப்பு 700 × 0.025 = 17.5 சதுர மீட்டர். எதிர்முழக்க நேரம் 161 ÷ 17.5 = 9.2 விநாடி! யாரும் பேச முடியாது.

இப்போது கதவு, சன்னல்களில் 40 சதுர மீட்டர் திறந்துவிடுங்கள். எஞ்சிய 660 சதுர மீட்டர் காரை 16.5 தரும், சன்னல் 40 தரும், மொத்தம் 56.5. நேரம் 2.85 விநாடி. அடுத்து 300 மாணவர்களை உட்கார வையுங்கள். அவர்கள் பங்கு 300 × 0.44 = 132. மொத்தம் 188.5. நேரம் 0.85 விநாடி. பேச்சு தெளிவாகக் கேட்கும். விழாவுக்கு முதல்நாள் வெற்று அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது குழறலாகக் கேட்ட பேச்சு, விழா நாளன்று தெளிவாகக் கேட்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நேரம் குறையக் குறைய நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பேச்சுக்கு ஒரு விநாடியை ஒட்டிய நேரம் ஏற்றது. பெரிய இசைக்குழுவின் இசைக்கு இரண்டு விநாடியை ஒட்டிய நேரம் விரும்பப்படுகிறது. சிறிது முழக்கம் இருந்தால்தான் ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு இழைந்து இசை நிறைவாக ஒலிக்கும். முழக்கமே இல்லாவிட்டால் வெட்டவெளியில் பாடியதுபோல் வறண்டு போகும்.

விதிக்கு வந்த சோதனை

சபைன் விதியைக் கண்டுபிடித்த நேரத்தில் பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவுக்குப் புதிய அரங்கம் கட்டும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. இசைக்குழுவைத் தோற்றுவித்த ஹென்றி லீ ஹிக்கின்சனுக்குச் சபைனைப் பரிந்துரைத்தவர் எலியட். சபைன் முதலில் தயங்கினார். பழுதான மண்டபத்தைச் செப்பனிடுவது வேறு. இன்னும் கட்டாத அரங்கம் எப்படி ஒலிக்கும் என்று வாக்குக் கொடுப்பது வேறு. தவறினால் செங்கல்லிலும் காரையிலும் நிலைத்து நிற்கும் தவறு அல்லவா? அதிபரவளையம் கிடைத்த பின்னரே அவருக்குத் துணிவு வந்தது.

அவர் புகழ்பெற்ற லைப்சிக் நகர அரங்கையும் பாஸ்டனின் பழைய இசை மண்டபத்தையும் விதிப்படி கணக்கிட்டார். புதிய அரங்கத்தின் பருமனும் பொருள்களும் எவ்வாறு இருந்தால் அவற்றுக்கு இணையான முழக்கம் கிடைக்கும் என்று காகிதத்திலேயே வரையறுத்தார். உலகில் அறிவியல் முறைப்படி ஒலியமைப்புக் கணக்கிடப்பட்டுக் கட்டப்பட்ட முதல் இசை அரங்கம் இவ்வாறு உருவாயிற்று. 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பாஸ்டன் சிம்பனி அரங்கம் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

அவை நிறைந்திருக்கையில் நேரம் 2.31 விநாடி இருக்கும் என்பது சபைன் போட்ட கணக்கு. பிற்காலக் கருவிகள் காட்டுவது ஏறத்தாழ 1.9 விநாடி. விதி பொய்யா? இல்லை. விதியில் இடும் எண்களைப் பற்றி நாம் பிறகு நிறையக் கற்றுக்கொண்டோம். எடுத்துக்காட்டாக, அவையினரைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதைவிட, அவர்கள் அமர்ந்துள்ள பரப்புக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதே சரி என்று லியோ பெரானெக் என்னும் ஒலியியல் அறிஞர் பின்னர் காட்டினார். அறிவியலில் ஒரு விதி பிறப்பது தொடக்கமே. அதைத் தீட்டிக்கொண்டே இருப்பது அடுத்து வருவோரின் வேலை.

வடிவத்துக்கும் வேலை உண்டு

சபைன் விதியில் வடிவம் என்பதே இல்லை. அப்படியானால் வடிவத்தால் பயனே இல்லையா? இதற்கு விடை வேறொரு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹில் அரங்கம் 1913-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான். ஒலியமைப்பைக் கவனித்தவர் ஹியூ டாலன்ட். உள்ளே நின்று பார்த்தால் ஒரு பெரிய கைவிளக்கின் பிரதிபலிப்பானுக்குள் நிற்பதுபோல் இருக்கும். சுவரும் கூரையும் மேடையிலிருந்து பரவளைய வடிவில் விரிந்து செல்கின்றன.

பரவளையத்தின் குவியத்தில் வைத்த விளக்கின் கதிர்கள் மீண்டபின் இணைகதிர்களாகச் செல்லும் என்பதைப் படித்திருப்பீர்கள். ஒலியும் அப்படியே. குவியத்தருகே மேடையில் நிற்பவரின் குரல் மீண்டு, அவையை நோக்கி நேராக அனுப்பப்படுகிறது. ஒலிப்பெருக்கிகள் இல்லாத காலத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கின் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட இது வழி செய்தது. (புதுப்பித்த பின் இப்போது ஏறத்தாழ 3,500 இருக்கைகள்.) ஆனால் கதிர் சென்ற வழியே திரும்பியும் வரும் அல்லவா? அவையில் ஒருவர் இருமினால் அதுவும் மேடையை நோக்கிக் குவியும்!

ஆகவே, ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பருமனும் பொருளும் முடிவு செய்கின்றன. எங்கே செல்லும், எங்கே குவியும் என்பதை வடிவம் முடிவு செய்கிறது. நல்ல அரங்குக்கு இரண்டும் வேண்டும்.

சபைன் 1919-இல், ஐம்பது வயதிலேயே மறைந்தார். உட்கவர் பரப்பின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. சாண்டர்ஸ் அரங்கில் இன்றும் கச்சேரிகளும் சொற்பொழிவுகளும் நடக்கின்றன. 1956-இல் நினைவு மண்டபத்தின் கோபுரம் தீயில் அழிந்து, 1999-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அரங்கமோ அந்தத் தீக்குத் தப்பியது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஆளில்லாத வகுப்பறையில் ஒருமுறை உரக்கக் கைதட்டி, முழக்கத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சன்னல்களை மூடியும் திறந்தும், பிறகு நண்பர்களை உட்கார வைத்தும் செய்யுங்கள். மூன்று பதிவுகளையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

2. உங்கள் பள்ளி அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, மேலே கண்ட விதிப்படி எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிடுங்கள். பேச்சுக்கு ஏற்றதாக அதை மாற்ற எத்தனை சதுர மீட்டர் சன்னலைத் திறக்க வேண்டும்?

3. கடைசியாக, சிந்திக்க ஒரு கேள்வி. ஓர் அறையின் சுவர், கூரை, தரை எல்லாவற்றின் உட்கவர் எண்ணும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒருமுறைகூட மீளாது. ஆகவே எதிர்முழக்க நேரம் சுழியாக இருக்க வேண்டும். சபைன் விதி என்ன விடை தருகிறது? கணக்கிட்டுப் பாருங்கள். அந்த முரண்பாட்டைக் கண்டு 1930-இல் விதியைத் திருத்தியவர் கார்ல் ஐரிங் என்னும் இயற்பியலார். சபைனின் விதி எந்த எல்லைவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று கண்டுபிடிக்க உங்களாலும் முடியும்.